நகைக்குறியும் பொருட்டெளிவும்

பேச்சிலே சொல் தனித்து இயங்குவதில்லை. குரலின் ஏற்ற இறக்கம், முகத்தின் மலர்ச்சி, கண்ணின் அசைவு, கையின் சைகை, சொற்களுக்கு இடைப்பட்ட மௌனம் என்பன யாவும் சொல்லோடு கூடி நின்றே பொருளை நிறைவு செய்கின்றன. ‘நல்ல காரியம் செய்தாய்’ என்னும் ஒரே தொடர் பாராட்டாதலும் கண்டனமாதலும் குரலினால் அமைவனவேயன்றிச் சொல்லினால் அமைவன அல்ல. எழுத்தோ இத்துணைகள் யாவற்றையும் இழந்து நிற்பது. அவ்விழப்பை ஈடுசெய்யும் முயற்சியின் அண்மைக்கால வடிவமே, இணையவழி எழுத்திற் பெருவழக்காகிவிட்ட முகக்குறிகளாகும்.

இக்குறிகள் எழுத்துவழித் தொடர்பைத் தெளிவுபடுத்துகின்றனவா, அன்றி மயக்குகின்றனவா என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் பொதுவாகக் கூறப்படுகின்றன. அவை மொழியாற்றல் குன்றியோரின் சோம்பற் கருவி என்பர் ஒரு சாரார். மொழி எல்லைகளைக் கடந்த உலகப் பொதுமொழியொன்றின் தோற்றம் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளும் குறியைத் தனியே எடுத்து நோக்குவதால் எழுந்தவை. குறி எத்தொழிலின் பொருட்டுத் தோன்றியது, பின்னர் எத்தொழில் அதன்மேற் சுமத்தப்பட்டது என்பதை வரலாற்று முறையில் நோக்கினாலன்றி இவ்வினாவுக்குத் தக்க விடை கிட்டாது.

1

எழுத்திற் காணப்படாத குரலைக் குறியினாற் காட்டும் முயற்சி கணனியோடு தோன்றியதன்று. ஏட்டுச் சுவடிகளிலே நிறுத்தக் குறிகள் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதுகூடப் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. வாய்விட்டு ஓதுவதும் ஆசிரியன்பாற் கேட்டுப் பயில்வதும் வழக்காயிருந்த காலத்தில் அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. அச்சும் உரைநடையும் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, ஆசிரியரை ஒருபோதும் காணாத வாசகன் தனித்திருந்து மௌனமாக வாசிக்கும் நிலை பெருகிற்று. ஆறுமுக நாவலர் (1822 - 1879) தமது உரைநடைப் பதிப்புகளில் நிறுத்தக் குறிகளைப் பெரிதும் கையாண்டமை இப்பின்னணியில் வைத்து எண்ணத்தக்கது. வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் குரலின் எச்சங்களே. அவை நுழைந்தமையால் தமிழ் உரைநடை தாழ்ந்துவிடவில்லை; மாறாக, தெளிவே பெற்றது.

மேலைநாட்டிலும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்தன. 1881ஆம் ஆண்டில் ‘பக்’ என்னும் அமெரிக்க நகைச்சுவை இதழ் அச்செழுத்துக் குறிகளைக் கோத்து நான்கு முகங்களை வெளியிட்டது. நகையாடலாக எழுதப்பட்ட தொடருக்குச் சிரிக்கும் வாய் போன்றதொரு குறியை இடலாம் என அம்புரோஸ் பியர்ஸ் எழுதினார். 1969ஆம் ஆண்டு ‘நியூயோர்க் டைம்ஸ்’ இதழுக்கு அளித்த நேர்காணலில், புன்னகையைக் குறிக்கத் தனி அச்சுக்குறி வேண்டும் என்று நாவலாசிரியர் விளாதிமிர் நபொகோவ் கூறினார். சொல்லாட்சியிற் கைதேர்ந்தவரான அவரே இவ்வாறு கூறினார் என்பது, குறியை நாடுவது சொல் வறுமையின் அடையாளம் என்போருக்குத் தக்க விடையாகும்.

இன்று வழங்கும் முகக்குறியின் பிறப்பு 1982ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் திகதி நிகழ்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திற் கணனி வழியான அறிவித்தற் பலகையொன்றில் ஆசிரியரும் மாணவரும் கருத்துப் பரிமாறி வந்தனர். தடையின்றி விழும் மின்தூக்கியினுள் பாதரசத் துளியொன்று எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற பௌதிகப் புதிரையொட்டி, மின்தூக்கியொன்றிற் பாதரசம் சிந்திவிட்டதாக ஒருவர் வேடிக்கையாக எச்சரிக்கை எழுதினார். அதனைச் சிலர் மெய்யென நம்பினர். வேடிக்கையை வேடிக்கையென்று உணர்த்தக் குறியொன்று வேண்டுமென்ற உரையாடல் இதனால் எழுந்தது. ஸ்கொட் பால்மன் என்னும் கணனி விஞ்ஞானி, முக்காற்புள்ளி, சிறுகோடு, வல அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் தொடர்ந்து இட்டு, தலையைச் சாய்த்து நோக்கினாற் சிரிக்கும் முகமாகத் தோன்றும் குறியை வேடிக்கைக்கு முன்மொழிந்தார். வேடிக்கை அல்லாதவற்றுக்கு அடைப்புக்குறியைத் திருப்பியிடலாம் என்றார்.

இங்கு மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. முதற் குறி ‘எழுதுபவன் மகிழ்கிறான்’ என்று கூறவில்லை. ‘இத்தொடரை வேடிக்கையாக வாசிக்க’ என்றே கூறிற்று. இரண்டாவது துயரைக் குறிக்கவில்லை. ‘இதனை மெய்யாகவே கொள்க’ என்றது. அஃதாவது, தோற்றத்திலே இவை உணர்ச்சியின் படங்கள் அல்ல, வாசிப்புக்கான நெறிப்படுத்தல்கள். வினாக்குறி எத்தொழிலைச் செய்கின்றதோ அத்தொழிலையே இவையும் செய்தன. ஆயின் குறுகிய காலத்திலேயே முதலாவது மகிழ்ச்சியையும் இரண்டாவது துயரையும் குறிக்கலாயின. தெளிவின் வரலாறும் மயக்கத்தின் வரலாறும் பிரிகின்ற இடம் இதுவே.

2

நெறிப்படுத்தும் குறிக்கு உண்மையான தேவை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்ளி முதலியோர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகின்றது. எள்ளலாகவும் மெய்யாகவும் அமைந்த தொடர்களைச் சிலர் குரல் வழியாகவும் சிலர் மின்னஞ்சல் வழியாகவும் அனுப்பினர். இருவழியிலும் தம் கருத்து ஒரேயளவு விளங்கும் என்றே அனுப்பியோர் நம்பினர். குரலைக் கேட்டோர் பெரும்பாலும் சரியாக இனங்கண்டனர். மின்னஞ்சலை வாசித்தோரின் விடையோ குருட்டு ஊகத்தைச் சற்றே விஞ்சியது. எழுதுபவன் தன் தொடரைத் தன் மனக்குரலோடு சேர்த்தே கேட்கின்றான். வாசகனுக்கு அக்குரல் எட்டாது என்பதை அவன் மறந்துவிடுகின்றான் என்பதே இதன் சாரம்.

அவ்வாறாயின், எள்ளலைக் குறியின்றியே எழுதிய பண்டைப் புலவர் எவ்வாறு விளங்கிக்கொள்ளப்பட்டனர் என்ற வினா எழும். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய புறநானூற்றுப் பாட்டு வஞ்சப்புகழ்ச்சிக்குப் பெயர்பெற்றது. நெய் பூசப்பெற்றுப் பொலிவோடு இருக்கும் படைக்கலங்களைப் புகழ்வதுபோற் பழித்தலும், போரிற் சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கும் படைக்கலங்களைப் பழிப்பதுபோற் புகழ்தலும் அதன் உள்ளீடு. அங்கே குறி எதுவும் தேவைப்படவில்லை. பாடியவர் யார், எவர் பொருட்டு வந்தார், இரு மன்னருக்கிடையே நிலவிய பகை யாது என்பன கேட்டோர் அனைவரும் அறிந்தவை. சூழலே குறியாகத் தொழிற்பட்டது. பிற்காலத்து வாசகனுக்கும் பாட்டோடு வந்த துறைக்குறிப்பும் உரையும் அச்சூழலை வழங்கின. சூழலறிவு பொதுவாக இருக்குமிடத்துக் குறி வேண்டப்படுவதில்லை. அது அற்றவிடத்தே குறி உதவுகின்றது.

தமிழ் மொழி தன்னளவிலேயே இத்துறையில் வளம் மிக்கது என்பதும் ஈண்டுச் சுட்டத்தக்கது. தொல்காப்பியர் ஏகார இடைச்சொல்லுக்குத் தேற்றம், வினா, பிரிநிலை முதலிய ஐவகைப் பொருளும், ஓகாரத்துக்கு அறுவகைப் பொருளும் வகுத்தார். ‘அவன்தானே வந்தான்’, ‘அவனோ வந்தான்’, ‘அவனும் வந்தான்’ என்னும் தொடர்களில், பேசுவோனின் மனநிலையை ஓரெழுத்து ஈரெழுத்து இடைச்சொற்களே காட்டி நிற்கின்றன. மரியாதை, நெருக்கம், விலக்கம் என்பவற்றை வினைமுற்றின் விகுதியே உணர்த்துகின்றது. இணையத்தில் தமிழை உரோமன் எழுத்தில் எழுதுவோர் குறில் நெடில் வேறுபாட்டைப் பெரும்பாலும் கைவிடுகின்றனர். இவ்விடைச்சொற்களின் நுண்மையும் அதனோடு மங்குகின்றது. மொழி தரும் கருவியைக் கைநழுவவிட்டு, அவ்விடத்தை நிரப்பப் படத்தைத் தேடுவது இரட்டை இழப்பாகும்.

3

உணர்ச்சியைக் குறி காட்டும் என்னும் கொள்கைக்கு வலிய தடையும் தொல்காப்பியத்திலேயே உண்டு. மெய்ப்பாட்டியல் உடலின்கண் வெளிப்படும் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுக்கின்றது. அவற்றுள் நகை என்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்றும் பிறப்பது. பிறரை இகழ்ந்தும் நகை தோன்றும். குழந்தையின் மழலை கேட்டும் நகை தோன்றும். முகத்திலே காணப்படுவது ஒன்று. அதன் பிறப்பிடமோ பல. எதிரே நிற்பவனின் முகத்தைக் கண்டும் அவன் நகையின் காரணத்தை வேறு சான்றுகளாலேயே துணிய வேண்டியிருக்க, அம்முகத்தின் சிற்றுருவம் அக்காரணத்தை எங்ஙனம் உணர்த்தும்?

யப்பானியக் கைத்தொலைபேசிகளில் வளர்ந்த எமோஜிகள் இச்சிக்கலைப் பெருக்கின. யப்பானிய மொழியில் ‘எ’ என்பது படம், ‘மோஜி’ என்பது எழுத்து. உணர்ச்சி என்னும் பொருள் அச்சொல்லில் இல்லை. 1999ஆம் ஆண்டில் ஷிகெதகா குரித்தா டொக்கோமோ நிறுவனத்துக்காக வடிவமைத்த 176 சிறுபடங்களில் வானிலை, போக்குவரத்து முதலியவற்றுக்கான குறிகளே மிகுதி. 2010ஆம் ஆண்டில் யுனிகோட் நியமத்தின் ஆறாம் பதிப்பு நூற்றுக்கணக்கான எமோஜிகளை ஏற்றதன் பின்னரே அவை உலகெங்கும் பரவின. யப்பானியச் சித்திரக் கதை மரபு அறிந்தவனுக்கு, மூக்கிற் குமிழியோடு கூடிய முகம் உறக்கத்தைக் குறிக்கும். அறியாதவனுக்கு அது கண்ணீராகத் தோன்றும். மூக்கினின்றும் ஆவி சீறும் முகத்துக்கு யுனிகோட் இட்ட பெயர் வெற்றிப் பெருமிதத்தைச் சுட்டுவது; அதனைப் பலர் வெகுளிக்கே வழங்குகின்றனர். பெருமிதமும் வெகுளியும் தொல்காப்பியர் வகுப்பில் வெவ்வேறு மெய்ப்பாடுகள் என்பது நினைவுகூரத்தக்கது. கூப்பிய கைகள் தமிழருக்கு வணக்கம். யப்பானியருக்கு நன்றி அல்லது வேண்டுகோள். மேலைநாட்டார் பலருக்குச் செபம்.

இம்மயக்கம் பண்பாட்டு வேறுபாட்டோடு நிற்பதன்று. மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே படத்தை ஒரே வடிவிற் கண்டோரிடையேகூட, அது இன்பச் சார்பினதா, துன்பச் சார்பினதா, நடுநிலையினதா என்பதில் ஏறத்தாழ நூற்றுக்கு 25 வீதமான சந்தர்ப்பங்களில் உடன்பாடு காணப்படவில்லை. கருவிக்குக் கருவி படத்தின் வடிவம் மாறுவது மற்றொரு சிக்கல். 2016ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் தன் கைத்துப்பாக்கிப் படத்தை நீர்த்துப்பாக்கியாக மாற்றிற்று. பிற நிறுவனங்கள் பல 2018ஆம் ஆண்டளவிலேயே அதனைப் பின்பற்றின. இடைப்பட்ட காலத்தில், ஒருவர் விளையாட்டுப் பொருளாக அனுப்பியது மற்றொருவர் திரையில் கொலைக்கருவியாகத் தோன்றக்கூடியதாயிருந்தது. அனுப்பியவனும் பெற்றவனும் ஒரே குறியைக் காணவில்லை என்றால், அதனை மொழி என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

உலகப் பொதுமொழி என்னும் கூற்றை இதன்பின் நெடிது மறுக்க வேண்டியதில்லை. மெல்வில்லின் ‘மொபி டிக்’ நாவல் முழுவதையும் எமோஜியிற் பெயர்த்து ‘எமோஜி டிக்’ என்ற பெயரில் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்நூலிற் படவரிசைகளோடு ஆங்கில மூலத் தொடர்களும் அச்சிடப்பட வேண்டியிருந்தன. ‘நாளை அவன் வராதிருந்தால் வருந்துவேன்’ என்ற எளிய தொடரிலுள்ள காலம், எதிர்மறை, நிபந்தனை என்பவற்றுக்குப் படங்களில் இடமில்லை. இலக்கணம் அற்றது மொழியாகாது.

4

இது வெறும் ஏட்டு விவாதம் அன்று. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2021ஆம் ஆண்டில், தானியக் கொள்வனவாளர் ஒருவர் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தின் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பி, உறுதிப்படுத்துமாறு வேண்டினார். விவசாயி உயர்த்திய பெருவிரற் குறியை மறுமொழியாக இட்டார். விதை ஒப்படைக்கப்படவில்லை, விலையோ உயர்ந்துவிட்டது. ‘செய்தி கிடைத்தது’ என்பதே குறியின் பொருள் என்றார் விவசாயி. ‘உடன்பாடு’ என்பதே பொருள் என்றார் கொள்வனவாளர். 2023ஆம் ஆண்டில் நீதிமன்றம் கொள்வனவாளரின் பக்கம் தீர்த்து, 82,000 கனேடிய டொலருக்கு மேற்பட்ட தொகையை இழப்பீடாக விதித்தது. 2024ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிபை உறுதிசெய்தது.

இத்தீர்ப்பை எமோஜிக்குச் சட்டம் அளித்த அங்கீகாரம் என்று கொண்டாடுவோர் அதன் உட்பொருளை ஊன்றி நோக்கவில்லை. இருவருக்குமிடையே முன்னர் நிகழ்ந்த ஒப்பந்தங்கள் ‘சரி’ என்பது போன்ற குறுஞ்சொற்களாலேயே ஏற்கப்பட்டு, பொருளும் ஒப்படைக்கப்பட்டு வந்தன. அவ்வழக்கத்தைக் கொண்டே பெருவிரலின் பொருள் துணியப்பட்டது. குறி தானாகப் பேசவில்லை. கடந்தகால உறவு அதனைப் பேசவைத்தது. ஒரு சொல் கூடுதலாக எழுதப்பட்டிருப்பின் வழக்கே எழுந்திராது என்பதும் வெளிப்படை.

அறிமுகமற்றோரிடையே குறி எதிர்விளைவையும் தரலாம். எல்லா கிளிக்சன் முதலியோர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அலுவல்சார் மின்னஞ்சலில் இடப்படும் புன்னகைக் குறி எழுதியவரை அன்புடையவராகக் காட்டுவதில்லை, மாறாக அவரது தகைமை பற்றிய மதிப்பையே குறைக்கின்றது என்று காட்டிற்று. முகத்திலே தோன்றும் புன்னகை இத்தகைய குறைவை ஏற்படுத்தவில்லை. குறி முகத்தின் பதிலி என்னும் எண்ணம் இதனால் மேலும் தளர்கின்றது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து அளவுகோல் ஒன்று பெறப்படும். குறியை நீக்கிய பின்னரும் தொடரின் செய்தி நிலைபெற்று, அதனை வாசிக்க வேண்டிய தொனி மட்டுமே ஐயத்துக்கு இடமாகுமாயின், குறி தெளிவுக்குத் துணைசெய்கின்றது. குறியை நீக்கியவுடன் செய்தியே மறைந்துவிடுமாயின், அது தெளிவுக்குத் தடையாகின்றது. முன்னதில் எழுதுபவன் தன் கடமையை முடித்துவிட்டு வாசகனுக்கு ஒரு கைவிளக்கைத் தருகின்றான். பின்னதில் பொருள்காணும் பொறுப்பு முழுவதையும் வாசகன்மேற் சுமத்திவிட்டு அகல்கின்றான்.

துக்கம் விசாரிக்கும் மடலிலே கண்ணீர் வடிக்கும் முகம் ஒன்றை மாத்திரம் இடுபவனின் துயரம் பொய்யானதென்று எவரும் கூறார். ஆயின் இறந்தவரின் பெயரையும் அவர் செய்த நன்மை ஒன்றையும் இரண்டு வரியில் எழுதுபவன், பெறுபவனுக்கு மீண்டும் எடுத்து வாசிக்கத்தக்க ஒன்றை அளிக்கின்றான். முன்னது உணர்ச்சி உண்டு என்று மட்டும் அறிவிக்கின்றது; பின்னது யாரைப்பற்றி, எதன் பொருட்டு என்று கூறுகின்றது. எழுத்துக்குரிய தொழில் பின்னதே.