சாஹிர் மாற்றிய பல்லவி

ஜவ்வாது மலைக்குக் கீழே, வாணியம்பாடியில் உருது பலருக்கு வீட்டுமொழி. மலைமேல் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது சினிமாப் பாட்டு வழியாகத்தான் வந்தது. சினிமாவுக்குப் போனா கவிஞன் நீர்த்துடுவான்னு ஒரு பேச்சு உண்டு. சாஹிர் லூதியான்வி (1921–1980) விஷயத்தில் அது பொருந்தாது.

விடுதலைக்கு முன்பே வந்த அவருடைய ‘தல்கியான்’ தொகுப்பில், பாலியல் தொழில் நடக்கும் தெருக்களைப் பற்றி ஒரு கவிதை உண்டு. பல்லவியில் பாரசீகச் சொற்கள் அடர்த்தி. கீழ்த்திசையின் புனிதம் பேசுவோரை நோக்கிய கேள்வி அது. குரு தத்தின் ‘பியாசா’வுக்காக (1957) அதையே பேச்சுமொழிக்கு இறக்கினார். ‘கிழக்கு’ போய் ‘ஹிந்த்’ வந்தது.

சொல் எளிதானது, கேள்வி கூர்மையானது. பொதுவாக யாரையோ கேட்டது, இப்போ விடுதலையாகிப் பத்தே வருஷமான நாட்டை நேராகக் கேட்டது. இதையா நீர்த்தல்னு சொல்றது? புத்தகத்தில் இருப்பதைவிடப் படத்தில் இருப்பதுதான் நல்ல கவிதை என்பேன்.