ஹெர்னியா பெல்ட்: எதுவரை துணை?

மருந்துக் கடைகளில் முழங்கால் பட்டை, கழுத்துப் பட்டையோடு ஹெர்னியா பெல்ட்டும் கிடைக்கிறது. இடுப்பளவைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். தொடை இடுக்கில் புடைப்பு இருப்பதை வெளியே சொல்லக் கூச்சப்படும் ஆண்களுக்கும், ஒரு நாள் படுத்தால் கூலி போய்விடும் என்றிருக்கும் சுமைதூக்கும் தொழிலாளிகளுக்கும் இதுதான் கைக்கெட்டும் வழி. மாட்டியதும் இழுத்துப் பிடிக்கும் வலி குறைகிறது என்பது பொய்யல்ல. ஆனால் அந்த நிம்மதியைக் குணம் என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

வயிற்றுச் சுவரில் தளர்ந்த இடம் வழியாகக் குடலோ கொழுப்போ துருத்திக்கொண்டு வருவதே ஹெர்னியா எனும் குடலிறக்கம். பெல்ட்டில் உள்ள திண்டு அந்த வாயை வெளியிலிருந்து அழுத்தி வைக்கிறது. அவ்வளவுதான். விட்டுப்போன தசை அதனால் ஒட்டுவதில்லை. கழற்றிவிட்டு இருமினால் புடைப்பு பழையபடி வரும்.

ஒரு காலத்தில் இதைவிட்டால் வேறு கதி இல்லை. லண்டனில் ஏழை நோயாளிகளுக்கு இந்தப் பட்டைகளை வழங்குவதற்கென்றே 1807-இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. 1880-களில் இத்தாலிய மருத்துவர் பஸ்ஸினி நம்பகமான அறுவை முறையை உருவாக்கினார். நூறாண்டு கழித்து மருத்துவர் லிக்டன்ஸ்டைன் வலை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். அதன் பிறகு பட்டையின் வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. குறைந்ததே தவிர அற்றுப்போகவில்லை. இதய நோயோ நுரையீரல் நோயோ முற்றி, அறுவையைத் தாங்க முடியாத முதியவருக்கும், அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருப்பவருக்கும் மருத்துவர் பார்த்து அளவெடுத்துத் தரும் பெல்ட் நல்ல உதவி.

உடனே அறுவை செய்தே ஆக வேண்டும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. தொந்தரவு அதிகமில்லாத 720 ஆண்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மருத்துவர் கண்காணிப்பில் காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசரநிலை ஏற்பட்டது ஆண்டுக்கு ஆயிரத்தில் ஏறக்குறைய இரண்டு பேருக்கே. ஆனால் பத்தாண்டுகளில் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், பெரும்பாலும் வலி தாளாமல், அறுவைக்கு வந்து சேர்ந்தார்கள். இதிலிருந்து, மருத்துவரிடம் காட்டிவிட்டுக் காத்திருக்கலாம் என்று சொல்லலாம். பெல்ட் காப்பாற்றும் என்று சொல்ல இதில் இடமில்லை.

பெல்ட்டின் குறைகளில் முதன்மையானது, அதை அணியும் விதம். மல்லாந்து படுத்து, புடைப்பை முழுதும் உள்ளே தள்ளிய பிறகுதான் பெல்ட்டை மாட்ட வேண்டும். பிரிட்டனில் 1990-களில் ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் நின்றபடி, குடல் வெளியே இருக்கும்போதே அணிந்தது தெரியவந்தது. அப்படிச் செய்தால் திண்டு குடலையே நசுக்கும். ஆண்டுக்கணக்கில் அழுத்தினால் தசை மெலியும், உள்ளே தழும்பு படியும், பின்னால் அறுவை கடினமாகும். நம் வெயிலில் வியர்வையும் உராய்வும் சேர்ந்து தோல் புண்ணாவது தனி அவதி.

பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தொடையின் மேற்புறம், இடுக்கு மடிப்புக்குச் சற்றுக் கீழே வரும் வகை அவர்களுக்கே அதிகம். அதன் வாய் குறுகலானது, குடல் எளிதில் சிக்கும். அங்கே பெல்ட் கட்டவே கூடாது.

குழந்தையின் தொப்புள் புடைத்தால் நாணயம் வைத்துத் துணியால் கட்டும் வழக்கமும் இதற்கு உறவுதான். அந்தப் புடைப்பு பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். நாணயம் அதை விரைவுபடுத்துவதில்லை. பிஞ்சுத் தோலில் புண்ணும் கிருமித்தொற்றும்தான் வரக்கூடும்.

பெல்ட்டை விற்பது தவறல்ல. என்ன வகைப் புடைப்பு என்று யாரும் தொட்டுப் பார்க்காமல் விற்பதுதான் தவறு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனைக்கும் அறுவைக்கும் கட்டணம் இல்லை. வாங்கும் முன் ஒருமுறை அங்கே காட்டிவிடுங்கள். ஏற்கெனவே அணிந்திருப்பவர்கள், புடைப்பு உள்ளே போகாமல் கெட்டிப்பட்டு வலியும் வாந்தியும் வந்தால், பெல்ட்டை அவிழ்த்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.