கரையைப் பார்த்தல்

முட்டம் பாறைமேல் நின்று கடலைப் பார்ப்பவனுக்கு, தன் முதுகுக்குப் பின்னால் ஓர் ஊர் இருப்பது மறந்துவிடுகிறது. அந்த மறதிக்குத்தான் நாம் அழகு என்று பெயர் வைத்திருக்கிறோமோ என்று எனக்குப் படுகிறது. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' வந்தபின் முட்டம் தமிழ்நாட்டுக்கே ஒரு காட்சியாகிவிட்டது. 1986இல் வந்த 'கடலோரக் கவிதைகள்' அதை ஊர்ஜிதம் செய்தது. சினிமாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் வேலை அது. நம் கவிஞர்களும் அதே பாறையில் போய் நிற்பதுதான் விஷயம். நானும் நின்றிருக்கிறேன். கடலைத் தனிமைக்கும் அலையைக் காலத்துக்கும் உவமையாக்கி நான் எழுதிய கவிதை ஒன்று அச்சாகியும் இருக்கிறது.

நகைக்கடன் புதுப்பிக்க வங்கிக்கு வரும் கடற்கரைக்காரர் ஒருவரிடம் ஒருநாள் முட்டம் போய்வந்ததைச் சொன்னேன். "அங்க நிண்ணு பாத்தா என்னவாக்கும் தெரியும், சாரே? கடல்ல கெடந்து கரையப் பாக்கணும்" என்றார்.

அவர் தத்துவம் பேசவில்லை, தொழிலைச் சொன்னார். ஒரு மலைமுகட்டையும் கோவில் கோபுரத்தையும் ஒரே நேருக்குக் கொண்டுவர வேண்டும். வேறொரு பக்கம் இன்னொரு முகட்டையும் தென்னங்கூட்டத்தையும் அதுபோல. இரண்டு நேர்களும் வெட்டிக்கொள்ளும் இடத்தில், தண்ணீருக்கடியில், மீன் அடையும் பார் இருக்கும். ஜி.பி.எஸ். கருவி வருமுன் தலைமுறை தலைமுறையாகப் பாரைக் கண்டது இப்படித்தான். நமக்குக் காட்சியாக இருக்கும் கோபுரம் அவர்களுக்கு அளவுகோல். வீடு திரும்பும் வழியும் அதுவே. 2017இல் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்துக்காரர் பலர் கரையே தெரியாத தூரத்தில் இருந்தார்கள். அநேகர் திரும்பவில்லை. ஓயாத அலை என்பது அவர்களுக்கு உவமை அல்ல.

அப்படியானால் கடற்கரையில் பிறந்தவன்தான் கடற்கரையை எழுத வேண்டுமா? இத்தாலியில், லிகூரியக் கடலோரத்தில், சிங்க்வே தெர்ரே என்று ஐந்து கிராமங்கள் இருக்கின்றன. செங்குத்தான பாறைச் சரிவில் வண்ண வண்ண வீடுகள். 1997 முதல் யுனெஸ்கோவின் பட்டியலில் இருப்பவை. உலகமே அங்கே படம் பிடிக்கப் போகிறது. கவி மொந்தாலே தம் இளமைக்கால கோடைகளைக் கழித்தது இவற்றில் ஒன்றான மொந்தெரோஸ்ஸோவில்தான். 1925இல் வந்த தம் முதல் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் 'கணவாய் ஓடுகள்'. அலை ஒதுக்கிப் போடும் அந்த வெள்ளை ஓட்டை நம் சித்த வைத்தியர்கள் கடல்நுரை என்பார்கள். அவ்வளவு அழகான கரையிலிருந்து அவர் பொறுக்கி எடுத்தது, கடல் வேண்டாமென்று துப்பியதை. இத்தனைக்கும் அவர் அங்கே கோடை விருந்தாளி.

வண்ணநிலவனும் பரதவரில் பிறந்தவர் அல்லர். ஆனால் 'கடல்புரத்தில்' (1977) நாவலில், லாஞ்சுகள் வந்துவிட்ட காலத்தில் வல்லத்தை விற்க மனம் வராத கிழவரை அவரால் எழுத முடிந்தது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) தலைப்பில் கடலை வைத்துக்கொண்டு, ஒரு முதலாளியின் அதிகாரமும் சரிவும் பற்றிப் பேசுகிறது. இருவரும் பாறையிலிருந்து இறங்கி ஊருக்குள் போனவர்கள். பிறப்பு பிரச்னை அல்ல. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பதுதான்.

இதை எழுதுவதற்காக என் கவிதையை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். கடல் இருக்கிறது, நான் இருக்கிறேன். கரை எங்குமே இல்லை.