தாமலுக்கு எப்படிப் போவது?

காருக்கு ஒரு ஜி.பி.எஸ். பெட்டி வாங்க வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும், எதை வாங்கலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கையில் மொபைல் இருக்கும்போது தனிப்பெட்டி எதற்கு என்று சிரிக்காதீர்கள். அவர் அடுக்கும் காரணங்கள் நியாயமானவை. சரியாகத் திருப்பம் வரும் நேரம் பார்த்து சம்பந்தியிடமிருந்து போன் வருகிறது, மேப் ஓடி ஒளிந்துகொள்கிறது. டேட்டா தீர்ந்தால் வழியும் தீர்ந்துவிடுகிறது. வெள்ளெழுத்துக் கண்ணுக்குச் சின்னத் திரை போதவில்லை. வழி சொல்வதைத் தவிர வேறு எந்த வேலையும் தெரியாத பெட்டி ஒன்று இருந்தால் தேவலை என்கிறார்.

இருந்தது. 2000களின் பின்பாதியில் கார்மினின் நூவி, மேப்மைஇண்டியாவின் நேவிகேட்டர், ஹைதராபாத்திலிருந்து வந்த சாட்கைடு என்று முன்கண்ணாடியில் உறிஞ்சி ஒட்டிக்கொண்டு, 'இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்' என்று இங்கிலீஷில் அதட்டிய பெட்டிகள். விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டியும் அதைத் தாண்டியும். 2009 அக்டோபர் 28-ம் தேதி கூகுள் ஆண்ட்ராய்டு போனில் இலவசமாக வழி சொல்லப் போகிறோம் என்று அமெரிக்காவில் அறிவித்தது. அன்றைக்கே கார்மின், டாம்டாம் இரண்டின் பங்குகளும் தடாலென்று விழுந்தன. அதற்குப் பிறகு தனிப்பெட்டி லாரிக்காரர்கள், மலையேறுகிறவர்கள், படகோட்டிகள் என்று ஒதுங்கிவிட்டது.

இப்போது ஆன்லைன் கடையில் தேடினால் ஏழு அங்குலத் திரையுடன் சல்லிசாகப் பல பெட்டிகள் கண்ணில் படும். அட்டையில் 'வாழ்நாள் முழுக்க மேப் இலவசம்' என்று போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில் எந்த நாட்டு மேப் என்று இருக்கும். பாதிக்கு மேல் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும். ஜெர்மனியில் மூத்திரச் சந்து வரை தெரிந்துவைத்திருக்கும் பெட்டிக்குக் காஞ்சிபுரம் ஒரு புள்ளி. யாருடைய வாழ்நாள் முழுக்க என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. பெரும்பாலும் பெட்டியின் வாழ்நாள், அல்லது அதைச் செய்த கம்பெனியின் வாழ்நாள், இதில் எது முதலில் முடிகிறதோ அது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. எல்லோரும் திரையின் அளவைப் பார்த்துப் பெட்டி வாங்குகிறார்கள். வாங்க வேண்டியது மேப்பை.

செயற்கைக்கோள் சிக்னல் இலவசம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்க செயற்கைக்கோள்கள் 'இப்போது மணி இவ்வளவு, நான் இங்கே இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நாலு செயற்கைக்கோள் காதில் விழுந்தால் போதும், அந்தச் சேதிகள் வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்து பெட்டி தன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். ஐன்ஸ்டீனின் சார்பியல் காரணமாக மேலே இருக்கும் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோசெகண்டு வேகமாக ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் தப்பு சேரும். இத்தனை சாமர்த்தியமும் இன்றைக்கு நகத்தளவு சில்லில், மலிவாக, எல்லாப் பெட்டியிலும் ஏறக்குறைய ஒரே தரத்தில் கிடைக்கிறது. 2000 மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களின் சிக்னலில் வேண்டுமென்றே நூறு மீட்டர் அளவுக்குக் கலப்படம் செய்துகொண்டிருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் காரில் வழிகாட்டி என்பதே அர்த்தமுள்ள வியாபாரமானது.

ஆகவே 'நான் எங்கே இருக்கிறேன்' என்பது தீர்ந்துபோன கேள்வி. 'தாமல் எங்கே இருக்கிறது' என்பதுதான் தீராதது.

தாமல் தெரியுமில்லையா? காஞ்சிபுரத்துக்கு மேற்கே சுமார் பதினைந்து கிலோமீட்டரில், சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிசத்திரம் தாண்டி வரும் ஊர். பெரிய ஏரி, வராகீஸ்வரர், தாமோதரப் பெருமாள். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றுக்கே இதன் பெயர்தான். பெங்களூர் போகிறவர்கள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் இதைக் கடந்துபோகிறார்கள். பெட்டியைப் பரீட்சை பண்ண இதைவிட நல்ல ஊர் கிடையாது. உங்களுக்கு வேறு சொந்த ஊர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபமில்லை.

முதல் சோதனை, பெயர். இங்கிலீஷில் தட்ட வேண்டும். ஆரம்ப எழுத்து டீக்கடை டீயா, டில்லி டியா? பக்கத்தில் ஒரு ஹெச் உண்டா? பழைய பெட்டிகள் பலவற்றில் ஒரு வினோதம் இருந்தது. ஒரு எழுத்தைத் தட்டியதும், அடுத்து வரச் சாத்தியமில்லாத எழுத்துகளெல்லாம் திரையில் மங்கிச் செத்துப்போகும். நீங்கள் நினைக்கும் ஸ்பெல்லிங் மேப் போட்டவர் நினைத்த ஸ்பெல்லிங் இல்லையென்றால் விரல் அந்தரத்தில் நிற்கும். ஆயிரம் வருஷம் பழசான ஊர், பெட்டியைப் பொறுத்தவரை இல்லை. பக்கத்துத் திருப்புட்குழியை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள், பொழுது போகும்.

இன்னொரு வம்பு, வாலாஜா. வாலாஜாபாத் காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே. வாலாஜாபேட்டை மேற்கே, தாமலையும் ஓச்சேரியையும் காவேரிப்பாக்கத்தையும் தாண்டி. 'வாலாஜா' வரை தட்டிவிட்டு முதலில் வந்ததைத் தொட்டீர்களானால், முகூர்த்தத்துக்கு நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பீர்கள், பெட்டி உற்சாகமாக வழி சொல்லிக்கொண்டிருக்கும். நல்ல மேப் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மாவட்டத்தையும் காட்டும். அந்த மாவட்டத்திலேயே மேப்பின் வயதையும் பார்த்துவிடலாம். வாலாஜாபேட்டை வேலூர் மாவட்டம் என்று காட்டினால் அது 2019-க்கு முந்திய சரக்கு. அந்த வருஷம் நவம்பரில் ராணிப்பேட்டை தனி மாவட்டமாகிவிட்டது. நெடுஞ்சாலையை 48 என்று சொல்லாமல் 4 என்று சொன்னால் இன்னும் பழசு. கடைக்காரர் 'லேட்டஸ்ட் அப்டேட் சார்' என்பார். புன்னகையுடன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சோதனை, சாலை. திறந்தவெளியில் நல்ல போன் ஐந்து மீட்டர் வரை துல்லியம் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலைக்கும் அதை ஒட்டி ஓடும் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? சில இடங்களில் ஒரு கம்பித் தடுப்புதான். நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று பெட்டிக்கு நிஜமாகவே தெரியாது. மேப்பில் எந்தக் கோடு பக்கத்தில் இருக்கிறதோ அதில் உங்களைத் தூக்கி ஒட்டிவைத்துவிட்டு நம்பிக்கையோடு பேசும். பாலத்துக்கு மேலா கீழா என்பது இன்னும் மோசம். உயரத்தைக் கணிப்பதில் ஜி.பி.எஸ். கொஞ்சம் மந்தம். இந்தச் சாலையோ ஆறு வழியாக்கும் வேலை பல வருஷம் இழுத்தடித்த சாலை. இன்றைக்கு இடப்பக்கம் இருந்த மாற்றுப்பாதை அடுத்த மாதம் வலப்பக்கம் போயிருக்கும். ஒருமுறை வாங்கி மூடிவைத்த மேப்புக்கு இது எப்படித் தெரியும்? தாமலுக்குத் திரும்ப வேண்டியவர் ஒரு திறப்பைத் தவறவிட்டால் அடுத்த திறப்பு வரை போய்த்தான் வர வேண்டும்.

மூன்றாவது சோதனை, ஊருக்குள்ளே. பட்டுப்புடவைக்கு காஞ்சிபுரம் போகிறவர்களுக்குக் காந்தி ரோடு வரை பிரச்னையில்லை. நெசவாளர் வீட்டிலேயே எடுக்கலாமென்று பிள்ளையார்பாளையம் பக்கம் நுழைந்தால், மேப்பில் தெரு ஜம்மென்று இருக்கும். நேரில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்திருந்தால் ஆட்டோகூடப் போக முடியாது. வைகாசி கருட சேவையன்று வரதர் வெளியே வந்துவிட்டால் ராஜ வீதிகளில் எந்த அல்காரிதமும் செல்லாது. போனில் ஓடும் மேப், பத்து வண்டி நின்றிருப்பதைப் பார்த்து சிவப்புக் கோடாவது போடும். தனிப்பெட்டி 'நேராகச் செல்லவும்' என்று கருடனையே மோதச் சொல்லும். டீக்கடையில் கேட்டால், "தோ, அந்த சந்துல பூந்து பீச்சாங்கை பக்கமா வளைங்க. வேணாம் வேணாம், சாமி வருது, அப்படியே ரிவர்ஸ் எடுத்துடுங்க" என்று ஒரே மூச்சில் இரண்டு ரூட் கணக்குப் போட்டுத் தருவார்.

நம் மேப்புகள் ஏன் இப்படி என்றால் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. துணைக்கண்டத்தையே அளந்த பெரிய முக்கோண அளவைப் பணி நம்மூரில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு முதல் கோட்டை அளக்க ஆரம்பித்தார் வில்லியம் லாம்டன். அவ்வளவு சீக்கிரம் அளந்த தேசத்தில், துல்லியமான மேப் என்பது நெடுங்காலம் ராணுவ ரகசியத்துக்குத் தம்பி. தனியார் கம்பெனிகள் அனுமதிக்காகக் கால்கடுக்க நின்றன. 2021 பிப்ரவரியில்தான் இந்தியக் கம்பெனிகள் முன்அனுமதி இல்லாமல் துல்லிய மேப் போடலாம் என்று விதி தளர்ந்தது. பெட்டிகள் கோலோச்சிய காலம் முழுக்க மேப்புகள் சவலைப் பிள்ளைகள். பெட்டிகளைத் திட்டும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஜோக்காகவே சொல்லிவிட முடியாது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், பரேலிக்கு அருகே ராம்கங்கா ஆற்றில், வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்ட பாலத்திலிருந்து கார் விழுந்து 3 பேர் இறந்தார்கள். வழிகாட்டி காட்டியபடி ஓட்டி வந்தார்கள் என்று செய்தி. மேப்பில் பாலம் முழுசாக இருந்தது. சாலையில் தடுப்பு இல்லை. யார்மேல் எவ்வளவு குற்றம் என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். ராத்திரியில், தெரியாத ஊரில், முன்னே எந்த வண்டியும் போகாத சாலையில் பெட்டி 'நேராக' என்று சொன்னால், வேகத்தைப் பாதியாக்குங்கள்.

சில விளம்பரங்களில் 'நாவிக் வசதி உண்டு' என்று கொடி பறக்கும். நம் சொந்த செயற்கைக்கோள் அமைப்பு. 2013-ல் முதல் செயற்கைக்கோள் போனது, 2016-ல் நாவிக் என்று பெயர் வைத்தார்கள். முதலாவதன் அணுக்கடிகாரங்கள் பழுதாகின. அதற்கு மாற்றாக 2017-ல் அனுப்பியது வெப்பக் கவசம் கழலாமல் வீணானது. 2023-ல் உள்நாட்டு அணுக்கடிகாரத்துடன் போனது நன்றாக அமைந்தது. 2025 ஜனவரியில் போனது உத்தேசித்த பாதைக்குப் போய்ச் சேரவில்லை. தேசப்பற்றுக்கு ஒரு குறைவும் இல்லை, ஆனால் அந்த ஸ்டிக்கருக்காகத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். அமெரிக்க, ரஷ்ய, ஐரோப்பிய, சீன செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும் கேட்கும் சில்லு இப்போது சாதாரண போனிலேயே இருக்கிறது. இரட்டை அதிர்வெண் உள்ளதா என்று கேளுங்கள், அது உபயோகமான கேள்வி. உயரக் கட்டடங்களுக்கு நடுவே தடுமாறுவது குறையும்.

கடைசியில் வாசகருக்குப் பதில். அந்த ஏழு அங்குல மர்மப் பெட்டி வேண்டாம். மேஜை டிராயரில் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும், அதை எழுப்புங்கள். கொஞ்சம் பெரிய திரை வேண்டுமென்றால் ஜி.பி.எஸ். உள்ள சின்ன டேப்லெட், செகண்ட் ஹாண்டே போதும். வைஃபை மட்டும் உள்ள சில மாடல்களில் ஜி.பி.எஸ். இருக்காது, விசாரித்து வாங்குங்கள். சிம் தேவையில்லை, அதனால் சம்பந்தியும் வரமாட்டார். செயற்கைக்கோளைக் கேட்க சிம்மும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். புறப்பட்டதும் தன் இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். வீட்டு வைஃபையில் தமிழ்நாட்டு மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் ஒன்று, மேப்மைஇண்டியாவின் மேப்பிள்ஸ் ஒன்று, தன்னார்வலர்கள் போடும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓடும் ஆர்கானிக் மேப்ஸ் ஒன்று என்று மூன்றையும் போட்டு, மூன்றிலும் தாமலைத் தேடுங்கள். எதில் ஏரியும் கோயிலும் தெருக்களும் சரியாக இருக்கின்றனவோ அது உங்களுடையது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெரு விட்டுப்போயிருந்தால் நீங்களே வரைந்து, தமிழிலேயே பெயரும் போடலாம். விலைக்கு வாங்கிய எந்தப் பெட்டியும் இந்த உரிமையைத் தந்ததில்லை. சாலை நெரிசல் தெரிய வேண்டுமென்றால் மட்டும் உங்கள் போனிலிருந்து டேட்டாவைக் கடன் கொடுங்கள்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் ஸ்டாண்டு. கையில் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டாம். 2020 அக்டோபரில் அமலான விதிப்படி வழி பார்க்க மட்டும் போனை உபயோகிக்கலாம், அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாமல். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் நல்ல சார்ஜர் ஒன்றும் வேண்டும், பழைய போனின் பேட்டரி ஸ்ரீபெரும்புதூர் தாண்டாது. ஸ்டாண்டை முன்கண்ணாடியில் ஒட்டாதீர்கள். சித்திரை வெயிலில் போன் கொதித்து, தானே அணைந்துவிடும். ஏ.சி. காற்று வரும் துவாரத்தில் கவ்விக்கொள்கிற மாதிரி வாங்குங்கள்.