ரிவர்சைடு பூங்கா: குறுக்கே நடந்தால் தெரியும்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில், ஹட்சன் ஆற்றை ஒட்டி 72ஆம் தெருவிலிருந்து வடக்கே சுமார் நான்கு மைல் நீண்டு கிடக்கிறது ரிவர்சைடு பூங்கா. அகலமோ பல இடங்களில் கூப்பிடு தூரம்தான். பெரும்பாலோர் இதை நீளவாக்கில் நடந்து, மரங்களையும் ஆற்றையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பூங்காவின் சுவை குறுக்குவாட்டில் இருக்கிறது. கிழக்கே மேட்டுச் சாலையில் தொடங்கி ஆற்றை நோக்கி இறங்கினால், ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு காலத்தைச் சேர்ந்தது என்பது விளங்கும்.

மேல்தளம் 19ஆம் நூற்றாண்டுக்குரியது. நேர்கோட்டில் ஒரு சாலை, அதற்குக் கீழே தனியாக ஒரு பூங்கா என்பதே நகரத்தின் முதல் எண்ணம். சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் 1875இல் தந்த திட்டம் இரண்டையும் ஒன்றாக்கி, மேடுபள்ளத்துக்கு ஏற்பச் சாலையை வளைத்தது. அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போன்ற மன்ஹாட்டன் தெருக்களுக்கு நடுவே ரிவர்சைடு சாலை நெளிந்து போவது இதனால்தான். சரிவில் ஆங்காங்கே துருத்தி நிற்பது மன்ஹாட்டன் ஷிஸ்ட் என்னும் பாறை. வயது சுமார் 45 கோடி ஆண்டுகள். சாய்வெயில் படும் நேரத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால், அதில் காக்காய்ப்பொன் துகள்கள் மினுங்கும்.

நினைவுச் சின்னங்கள் பலவும் இந்த மேட்டில்தான் உள்ளன. 93ஆம் தெருவில், குதிரையின் அங்கவடியில் எழுந்து நின்று வாளை உயர்த்தும் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை 1915இல் ஆனா ஹயட் என்ற பெண் சிற்பி வடித்தது. 122ஆம் தெருவை ஒட்டி, அமெரிக்க அதிபராக இருந்த யுலிசிஸ் கிராண்டின் பிரம்மாண்டமான கல்லறை. ஏறத்தாழ 90,000 பேரின் நன்கொடையில் 1897இல் எழுந்த மாளிகை அது. அதைப் பார்த்த கையோடு சாலையைக் கடந்தால், வேலிக்குள் ஒரு சிறு கல் தாழி இருக்கும். 1797இல் இறந்த சிறுவன் ஒருவனின் நினைவிடம். கிராண்டின் கல்லறை வந்தபோது அதற்கு வயது நூறு. பூங்காவில் பார்க்க ஒன்றே ஒன்று என்றால், மாளிகையை விட்டுவிட்டு இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஓம்ஸ்டெட்டின் பூங்கா ஆற்றைத் தொடவில்லை. 1840களின் இறுதியிலேயே கரையோரம் ரயில் பாதை போடும் பணி தொடங்கிவிட்டது. சரக்கு ரயில்களும் புகையும் குப்பையும் பூங்காவை ஆற்றிலிருந்து பிரித்தே வைத்திருந்தன. 1934க்கும் 1937க்கும் இடையில் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் தண்டவாளத்துக்குக் கூரை போட்டு, கரையைத் தூர்த்து 132 ஏக்கர் சேர்த்தார். நடுத்தளத்தின் அகன்ற, நேரான நடைபாதை அந்த ரயில் குகையின் முதுகு. காற்றோட்டத்துக்காக வைத்த இரும்புக் கிராதிகளின் பக்கம் நின்றால், காலடியில் ரயில் போகும் இரைச்சல் கேட்கும். 1991 முதல் இந்தக் குகை ஆம்ட்ராக் பயணிகள் ரயிலின் வழி.

மோசஸின் கொடைக்கு இரண்டு மறுபக்கங்கள் உண்டு. ஹென்றி ஹட்சன் பார்க்வே என்ற கார் சாலையையும் அவர் ஆற்றோரமாகவே கொண்டுபோனார். பல இடங்களில் அதன் அடியில் நுழைந்துதான் தண்ணீரை எட்ட முடியும். தண்டவாளக் கூரையோ ஹார்லெமை எட்டுவதற்குள் நின்றுவிட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த அந்தப் பகுதிக்குப் பிற்பாடு கிடைத்த ரிவர்பேங்க் மாநிலப் பூங்கா (1993), கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கூரைமேல் அமைந்தது. தெற்குப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

கீழ்த்தளத்தில் கவனிக்க வேண்டியது நீரின் போக்கு. ஹட்சன் இங்கே கடலின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டது. நீர் ஏறும்போது மிதக்கும் கட்டை வடக்கே போகும். வடியும்போது அதே கட்டை தெற்கே வரும்.

செர்ரி மரங்களுக்காக வருவோருக்கு 100ஆம் தெருவுக்கு வடக்கே உள்ள கரைப்பாதையும் ஏப்ரல் மாதமும் ஏற்றவை. தளங்களையும் தாங்குசுவர்களையும் பார்க்க விரும்புவோருக்கு, இலைகள் உதிர்ந்து மேட்டுச் சாலையிலிருந்தே ஆறு தெரியும் டிசம்பர்தான் நல்லது.