பல் பிடுங்கிய வைரஸ்

மும்பை விக்ரோலி ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்தால் பவாய் ஐ.ஐ.டி. பக்கம்தான், டிராஃபிக் இருந்தால் கதையே வேறு. டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையோடு சேர்ந்து அங்கே உருவானது நெக்ஸ்கார்19. ரத்தப் புற்றுநோய்க்காக 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சை.

அதன் கைவேலைதான் அழகு. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைப் பிரிக்கிறார்கள். அவற்றுக்குள் புது மரபணுவைக் கொண்டுசேர்ப்பது லென்டிவைரஸ், ஆமாம், எச்.ஐ.வி. குடும்பம்தான்! பெருகும் திறனைப் பிடுங்கிவிட்டு, செல்லுக்குள் நுழையும் சாமர்த்தியத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். மரபணு ஏறிய செல், சிடி19 என்ற புரதத்தைச் சுமக்கும் புற்றுச்செல்லைத் தேடித் தாக்கும். நல்ல பி செல்களிலும் அதே புரதம் உண்டு; பாவம், அவையும் கூடவே அடிபடும். ஆய்வகத்தில் பெருக்கிய செல்களைத் திரும்ப ரத்தநாளத்தில் ஏற்றுகிறார்கள், அவரவருடையதை அவரவருக்கே.