பிரெஞ்சும் ஜெர்மனும்: மதிப்பெண்ணுக்கா, மொழியறிவுக்கா?

உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் அயல்மொழி ஒன்றைக் கற்பது நல்லதா என்று கேட்டால், நல்லது என்றே எவரும் விடை கூறுவர். நானும் அவ்வாறே கூறுவேன். ஆனால், அந்த அயல்மொழி பள்ளியின் கால அட்டவணையில் எந்த மொழியின் இடத்தைப் பெற்றுக்கொண்டு உள்ளே வருகிறது என்று கேட்பவர் சிலரே. தமிழ் மாணவர் பிரெஞ்சும் ஜெர்மனும் பயின்ற வரலாறு நம் கண்முன் இருக்கிறது. தமிழ்நாட்டிலும், இந்தியாவின் நடுவண் அரசுப் பள்ளிகளிலும், சிங்கப்பூரிலும் அது மூன்று வகையாக நடந்திருக்கிறது. அவற்றை ஆராய்ந்து, மலேசியத் தமிழ்ப் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியது என்ன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டில் முழு ஆசிரமப் பள்ளிகளில் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் முதலிய மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. 1982-இல் அறிவிக்கப்பட்ட 'கிழக்கு நோக்கும் கொள்கை'யை ஒட்டி ஜப்பானியம் அப்பள்ளிகளில் நுழைந்தது. நெகிரி செம்பிலானின் தோட்டத் தமிழ்ப் பள்ளிகளிலிருந்து அங்கே செல்வோர் மிகச் சிலரே. அப்படியிருக்க, தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியனுக்கு இதில் என்ன அக்கறை என்று அன்பர்கள் கேட்கலாம். இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற பின் நம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தமிழை எடுத்தால் 'ஏ' கிடைக்குமா ஐயா? வேறு பாடம் எடுத்தால் சுலபமாமே?" தமிழ்நாட்டுப் பெற்றோரைப் பிரெஞ்சின் பக்கம் திருப்பியதும் இதே கேள்விதான். ஆதலின் அவர்கள் கண்ட பலன் நமக்கும் பாடமாகும்.

தமிழ்நாடு தரும் படிப்பினை

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகளில் 2018 வரை பொதுத் தேர்வு 1200 மதிப்பெண்ணுக்கு நடந்தது. முதல் மொழிப்பாடத்துக்கு 200, ஆங்கிலத்துக்கு 200, ஏனைய நான்கு பாடங்களுக்கு 800. முதல் மொழியாகத் தமிழைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரெஞ்சு, ஜெர்மன், வடமொழி, இந்தி முதலியவற்றுள் ஒன்றை எடுக்கலாம். நகரப் பள்ளிகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் பலர் பிரெஞ்சை எடுத்தனர். அவர்களுள் பலர் பதினொன்றாம் வகுப்பில்தான் பிரெஞ்சு நெடுங்கணக்கையே தொடங்கினர். ஈராண்டு கழித்துத் தேர்வெழுதி, பத்தாண்டு தமிழ் படித்த மாணவனைவிட அதிக மதிப்பெண் பெற்றனர்.

இது எப்படி இயலும்? அயல்மொழிப் பாடம் தொடக்கநிலையில் அமைந்தது. சிறு உரைப்பகுதி, சிறிது இலக்கணம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றைப் பழகிக்கொண்டால் போதும். தமிழ்ப் பாடமோ செய்யுள், உரைநடை, இலக்கணம், கட்டுரை என விரிந்தது. ஒருவன் குன்றின் அடிவாரத்திலும் மற்றொருவன் உச்சிக்கு அருகிலும் நடக்க, இருவரையும் ஒரே கோலால் அளந்தார்கள். அந்த அளவையைக் கண்டு பெற்றோர் அடிவாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். குறை அவர்களுடையது மட்டுமன்று. அளந்த கோலின் குறையும் ஆகும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இம்மாணவருள் பெரும்பாலோர் நாடியது பொறியியல் கல்வி. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கிடப்பட்டவை கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே. மொழிப்பாட மதிப்பெண் அந்தக் கணக்கில் சேரவே இல்லை! மொத்தத் தொகையைப் பெரிதாக்கிக் காட்டவும், பள்ளியின் விளம்பரப் பலகையை அழகு செய்யவுமே அது பயன்பட்டது. தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு அரசு 2017-இல் கைவிட்டது.

பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ் படிக்காமலே முடித்துவிடலாம் என்ற நிலையை மாற்ற, 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டும்படி தமிழ் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளை அச்சட்டம் தொடவில்லை. மதிப்பெண்ணுக்காக மொழி மாறும் வாயில் அங்கே திறந்தே இருந்தது.

இம்முறையை நான் குறை கூறுவது பிரெஞ்சின்மீது வெறுப்பால் அன்று. இதனால் பிரெஞ்சுக்கும் பெருமை சேரவில்லை என்பதே என் வாதம். தேர்வு முடிந்த மறுநாள் மறக்கப்படுவதற்காகவே ஒரு மொழி கற்பிக்கப்பட்டால், அம்மொழிக்கு அதைவிட அவமதிப்பு வேறில்லை. தமிழை நழுவவிட்டுப் பிரெஞ்சையும் பற்றிக்கொள்ளாத மாணவனுக்கு எஞ்சியது ஓர் எண் மட்டுமே.

நடுவில் பறிக்கப்பட்ட ஜெர்மன்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். இந்திய நடுவண் அரசின் கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகள் 2011-இல் ஜெர்மானியப் பண்பாட்டு நிலையமான கோத்தே நிறுவனத்துடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, மூன்றாம் மொழியாக ஜெர்மனைப் படிக்கும் வாய்ப்பு ஏற்பட்டது. 70,000-க்கும் மேற்பட்ட மாணவர் அதைப் பயின்றனர். 2014 அக்டோபரில், மும்மொழித் திட்டத்தின்படி மூன்றாம் மொழி இந்திய மொழியாகவே இருக்க வேண்டும் என்று கூறி, ஜெர்மனை நீக்கி வடமொழியை அவ்விடத்தில் வைத்தார்கள். கல்வியாண்டின் நடுவில் இது நடந்தது. பெற்றோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். அவ்வாண்டு வடமொழித் தேர்வு கிடையாது என்று அரசு இறங்கிவந்தது. பின்னர் ஜெர்மன் கூடுதல் மொழியாகப் படிக்க இடம் பெற்றது.

மூன்றாம் மொழி எதுவாக இருக்கலாம் என்பதில் அறிஞர் மாறுபடலாம். ஆனால், பாதி ஆண்டு ஒரு மொழியைப் படித்த பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம், "அதை மறந்துவிடு, நாளை முதல் இது" என்று கூறுவது ஆசிரியப் பயிற்சியின் முதல் பாடத்துக்கே முரணானது. தமிழ்நாட்டில் பெற்றோர் மதிப்பெண்ணைக் கருதினர். இங்கே அரசு கொள்கையைக் கருதியது. கற்கும் குழந்தையை இரு சாராரும் கருதவில்லை.

சிங்கப்பூர் கண்ட வழி

நம் அண்டை நாடு இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்தது. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 1978-இல் அயல்மொழிகளுக்கெனத் தனி நிலையம் ஒன்றை அமைத்தது. முதலில் பிரெஞ்சும் ஜப்பானியமும், அடுத்த ஆண்டில் ஜெர்மனும் அங்கே கற்பிக்கப்பட்டன. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் சிறந்து விளங்கிய மாணவர்க்கே அங்கு இடம். அவர்கள் தத்தம் பள்ளியில் வழக்கமான பாடங்களை முடித்துவிட்டு அந்நிலையத்துக்குச் சென்று படித்தனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அயல்மொழி அங்கே மூன்றாம் மொழி. ஆங்கிலமும் தாய்மொழியும் தத்தம் இடத்தில் இருக்க, அவற்றோடு கூட அது வருகிறது. தமிழ் மாணவன் பிரெஞ்சு படிக்கிறான் என்றால், தமிழையும் படித்துக்கொண்டேதான் படிக்கிறான். சிறந்த மாணவர்க்கே வாய்ப்பு என்ற வரம்பைப் பற்றிக் குறை கூறலாம். எனக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. எனினும், அயல்மொழி தாய்மொழியின் அருகில் நிற்க வேண்டுமேயன்றி அதன் இடத்தில் நிற்கலாகாது என்ற அடிப்படை சரியானது.

தமிழ் இலக்கணம் தரும் துணை

இஃது உணர்ச்சியால் கூறும் கூற்றன்று. முதல் மொழியில் பெற்ற ஆற்றல் இரண்டாம் மொழிக்கும் சென்று சேர்கிறது என்பதைக் கனடா நாட்டுக் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் ஒரு கோட்பாடாகவே வகுத்துரைத்தார். தமிழ் மாணவனுக்கு அது எவ்வாறு பொருந்துகிறது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

ஜெர்மன் கற்கப் புகுவோரை முதலில் மிரட்டுவது வேற்றுமை. நாயைக் குறிக்கும் 'ஹுன்ட்' என்னும் சொல் எழுவாயாக வந்தால் 'டேர் ஹுன்ட்'. செயப்படுபொருளாக வந்தால் 'டேன் ஹுன்ட்'. ஆங்கிலத்திலும் மலாயிலும் பெயர்ச்சொல் இவ்வாறு உருமாறுவதில்லை. அவ்விரு மொழிகளை மட்டும் அறிந்த மாணவன், இது எதற்காக என்று திகைப்பான். 'நாய்', 'நாயை', 'நாய்க்கு' என்று எட்டு வேற்றுமை படித்த நம் மாணவனுக்கு நான்கு வேற்றுமை பெரிதா? நமக்கு உருபு சொல்லின் பின்னே ஒட்டுகிறது. அவர்களுக்கு மாற்றம் பெரும்பாலும் சொல்லுக்கு முன்னே நிற்கும் சுட்டில் வருகிறது. இந்த ஒரு வேறுபாட்டை விளக்கிவிட்டால் பாதி அச்சம் நீங்கும். காரணம் கூறும் துணை வாக்கியத்தில் ஜெர்மன் வினைச்சொல் இறுதிக்குச் செல்வதும் நம் மாணவனுக்குப் புதிதன்று. வினையை இறுதியில் வைத்தே அவன் பேசிப் பழகியவன்.

பிரெஞ்சில் 'இல் அ' என்றால் 'அவனுக்கு உண்டு' என்பது பொருள். அதையே வினாவாக்கும்போது சொற்களை முன்பின்னாக மாற்றுவர். அப்போது 'அ', 'இல்' என இரண்டு உயிர் அடுத்தடுத்து நிற்கும். இடையில் ஒரு 'த்' ஒலி தோன்றி 'அதில்' என்றாகும். 'மணி' என்பதும் 'அடித்தது' என்பதும் சேரும்போது 'ய்' தோன்றி 'மணியடித்தது' ஆவதை நன்னூல் வழியே உடம்படுமெய் என்று படித்தவனுக்கு, இது பழகிய முகம். ஒருவரை 'தூ' என்று அழைப்பதா, 'வூ' என்று அழைப்பதா என்ற பிரெஞ்சுக்காரரின் தயக்கமும், 'நீ', 'நீங்கள்' அறிந்த பிள்ளைக்கு உடனே புரியும்.

எல்லாம் எளிது என்று நான் சொல்ல வரவில்லை. உயிரற்ற மேசைக்குப் பெண்பாலும் புத்தகத்துக்கு ஆண்பாலும் கூறும் பிரெஞ்சு வழக்கு, திணை அறிந்த தமிழ் மாணவனைச் சற்றுத் தடுமாற வைக்கும். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற ஜெர்மன் சொல் பெண்பாலில் இல்லாமல் பொதுப்பாலில் நிற்பது அதைவிட வியப்பூட்டும். ஆயினும் அந்தத் தடுமாற்றத்தைக் கூட, 'இங்கே திணை இல்லை, பால் மட்டும் உண்டு' என்று பெயரிட்டு விளக்க அவனிடம் சொல் இருக்கிறது. அச்சொற்களை அவனுக்குத் தந்தது தமிழ் இலக்கண வகுப்பு. அவ்வகுப்பைப் பறித்துவிட்டுப் பிரெஞ்சு வகுப்பில் அமர்த்துவது, ஏணியை விற்று மாடிவீடு வாங்குவது போன்றது.

தனிநாயகம் அடிகளார்

அயல்மொழிப் புலமை தமிழுக்கு என்ன செய்யும் என்பதற்கு நாம் வெளியூர் தேடிப் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையில் 1913-இல் பிறந்த தனிநாயகம் அடிகளார், உரோமில் சமயக் கல்வி பெற்று ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றவர். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகப் பயின்றார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தலைமை ஏற்றார். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் கூடியது அவருடைய உழைப்பால். வத்திக்கான் நூலகத்தில் கிடந்த 1679-ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி அதே 1966-இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளிவந்ததும் அவர் முயற்சியே. மூன்றாம் மாநாடு 1970-இல் பாரிசில் நடந்தது.

அவர் நூலகங்களில் தேடியவை போன்ற செல்வங்கள் இன்னும் உள்ளன. 1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு எழுதிய மடல்கள் ஜெர்மனில் இருக்கின்றன. கார்ல் கிரவுல் 1856-இல் திருக்குறளை ஜெர்மனில் தந்தார். புதுச்சேரியில் 1955-இல் தோன்றிய பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாக, பிரான்சுவா குரோ 1968-இல் பரிபாடலைப் பிரெஞ்சில் வெளியிட்டார். இவற்றைப் படித்து, மொழிபெயர்ப்பு மூலத்துக்கு ஒத்திருக்கிறதா என்று சொல்ல, இரு மொழியும் அறிந்த தமிழர் வேண்டும். பிரெஞ்சு மட்டும் அறிந்தவரால் அது முடியாது. தமிழ் மட்டும் அறிந்தவராலும் முடியாது.

நாம் செய்ய வேண்டியது

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். ஆறாண்டு தமிழ்ப் பள்ளியில் பயின்ற பிள்ளை இடைநிலைப் பள்ளியில் காலடி வைத்ததும், தமிழ் அவனுக்கு விருப்பப் பாடமாகி விடுகிறது. 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் காட்டும் வழி. ஆனால் கேட்க வேண்டியவர் பெற்றோர். பல இடங்களில் தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பின் நடக்கிறது. செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் பேருந்தைத் தவறவிட முடியாத பிள்ளை வகுப்பைத் தவறவிடுகிறான்.

எஸ்.பி.எம். தேர்வில் 2010 முதல் 10 பாடங்களே எழுதலாம் என்று வரம்பு வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் வெளியே தள்ளப்படும் என்று நம் சமூகம் குரல் எழுப்பியது. அதன்பின் மேலும் 2 பாடங்களுக்கு இடம் விடப்பட்டது. அந்த இடத்தை நாம் கேட்டுப் பெற்றோம். கேட்டுப் பெற்ற இடத்தில் நம் பிள்ளைகளை அமர்த்த நாமே தயங்குவது முறையாகுமா?

பெற்றோரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று கூறி அவர்களைப் பழிப்பது எளிது, அதனால் பயனில்லை. தமிழ்த் தேர்வில் உயர்ந்த தரம் பெறுவது கடினம் என்ற எண்ணம் நீங்க வேண்டுமானால், மதிப்பிடும் முறை ஏனைய மொழித் தாள்களோடு ஒப்பிட்டு ஆராயப்பட வேண்டும். மனப்பாடச் சுமையாக நடக்கும் தமிழ் வகுப்பும் மாற வேண்டும். இலக்கணத்தை ஒரு மொழியை அறியும் கருவியாகக் கற்பிக்க வேண்டும். ஆறாம் ஆண்டில் வேற்றுமை நடத்தும்போது, "இதே பொருள் மலாயில் எப்படி வருகிறது, ஆங்கிலத்தில் எப்படி வருகிறது?" என்று கேட்டால் போதும். அயல்மொழிக் கல்வி அங்கேயே தொடங்கிவிடும்.

பெற்றோர்க்குக் கூறுவது இரண்டு. முதற்படிவப் பதிவு நாளிலேயே ஒன்றுகூடி, தமிழ் வகுப்பு வேண்டும் என்று 15 பேர் எழுத்து மூலம் கேளுங்கள். பிள்ளைக்குப் பிரெஞ்சோ ஜெர்மனோ கற்கும் வாய்ப்பு வந்தால், மகிழ்ந்து சேர்த்துவிடுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அம்மொழிகளைப் பட்டப் படிப்பாகவே தொடரலாம். ஆனால் சேர்ப்பதற்கு முன், கால அட்டவணையில் அது எப்பாடத்தின் நேரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அது தமிழின் நேரமாயின், நேரத்தை மாற்றித் தருமாறு பள்ளித் தலைமையைக் கேளுங்கள். மாற்ற இயலாது என்றால், தமிழை விடாதீர்கள்.